ஒரு மணி நேரம் பின்னால்

உங்கள் ஸ்டேஷன் தேநீரில் நம் மலை வழக்கப்படி உப்பு சரியாக இருக்கிறது, ஐயா. என் மனைவி சாயிரகுல் கொஞ்சம் கூடுதலாகவே போடுவாள்.

நாரின் ஆஸ்பத்திரியில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அங்கே எடுக்கும் ஸ்கேன் படங்கள் இணையச் சேமிப்பகத்துக்குப் போய்விடும். அவற்றைப் படித்துச் சொல்பவர் தலைநகர் பிஷ்கெக்கில் இருக்கும் டாக்டர் அசில்கான் அம்மா. அவர் கேட்கும்போது எங்கள் கணினி ஓர் இணைப்பை உருவாக்கி அனுப்பும். அதற்குக் கால் மணி நேரம்தான் ஆயுள். அதற்குள் படத்தை இறக்கிக்கொள்ள வேண்டும்.

சாயிரகுலுக்கு வயிற்றில் ஸ்கேன் எடுத்தோம். எடுத்த குபாத் என் முகத்தைப் பார்க்கவில்லை. "கட்டி மாதிரி தெரியுதுண்ணே. பிஷ்கெக்ல பாத்துச் சொல்லட்டும்" என்றான்.

அந்த வாரக் கடைசியில் மகள் பெகிமாய்க்குக் கல்யாணம். விருந்து முடியும்வரை கெட்ட செய்தி வீட்டுப் படி ஏறக்கூடாது. சாவுச் செய்தியைக்கூட அடக்கிவைப்போம். அசில்கான் அம்மாவிடம் போனில் கெஞ்சினேன். "அவ உடம்பு, அவகிட்டதான் சொல்வேன்" என்றார். நகரத்து மனுஷி. எனக்கு வேறு வழி தெரியவில்லை. எங்கள் கணினியின் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்தேன். சேமிப்பகத்தின் கடிகாரம் சரியாக ஓடியதால், அதன்பிறகு ஒவ்வொரு இணைப்பும் ஒரு மணி நேரம் பழையதாகி, பிறக்கும்போதே காலாவதியாகியிருந்தது.

அவர் உடனே கூப்பிட்டார். "தம்பி, ஒரு படமும் இறங்க மாட்டேங்குது. காலாவதின்னே வருது."

"கணவாயில பனிம்மா. லைன் மோசம். பிரவுசர மூடித் தெறந்து பாருங்க."

"பத்து தடவ தெறந்தாச்சு. இனி மூடறதுக்கு என் கண்ணுதான் பாக்கி."

எல்லாரும் பார்க்கும்படி வயரை மாற்றினேன், கடவுச்சொல்லைப் புதுப்பித்தேன், கணினியை அணைத்துப் போட்டேன். சாயிரகுலைப் பறிகொடுத்துவிடுவேனோ என்ற பயம் மட்டும் நடிப்பில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் எங்கள் ஊர்ப் பையன் எர்மெக்கைத் தூக்கிவந்தார்கள். குதிரைமேல் இருந்தபடி செத்த ஆட்டைப் பிடுங்கிக்கொள்ளும் விளையாட்டில் விழுந்தவன். மண்டைக்குள் ரத்தம் எங்கே கட்டியிருக்கிறது என்று பிஷ்கெக்கிலிருந்து சொன்னால்தான் எங்கள் டாக்டர் கத்தியைத் தொடுவார். அவன் அப்பா கணினி அறை வாசலிலேயே நின்றார், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு.

"படம் தெறந்துச்சாப்பா?"

"பாத்துக்கிட்டே இருக்கோம் பெரியப்பா."

அந்த ஒரு படத்தை மட்டும் என் போனிலிருந்து அனுப்பியிருக்கலாமே என்கிறீர்கள். தோன்றியது. ஒன்று போனால், மற்றவை ஏன் போகவில்லை என்று கேட்பார்களே. சாயங்காலம் அவன் உயிர் போய்விட்டது.

கல்யாணம் நன்றாக நடந்தது. சாயிரகுல் ஆடினாள். மறுநாள் கடிகாரத்தைச் சரிசெய்தேன், எல்லாப் படங்களும் மளமளவென்று இறங்கின. அவளுக்கு இருந்தது வெறும் நீர்க்கட்டி, மாத்திரையே போதுமாம். எர்மெக்கின் படத்தையும் அசில்கான் அம்மா பார்த்தார்.

"எவ்வளவு தெளிவா இருக்கு பாரு தம்பி. ஒரு சின்னத் துளை போட்டிருந்தா எழுந்து உக்காந்திருப்பான்."

நான்தான் அவனைக் கொன்றேன், எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன், ஐயா. அவன் அப்பாவிடம் இதை இப்போது சொல்லிவிடாதீர்கள். மகனுக்காக அவர் வைக்கும் நாற்பதாம் நாள் விருந்து முடியட்டும். விருந்துக்கு முன்னால் கெட்ட செய்தி சொல்வது நம் வழக்கமில்லையே.