வண்டி பாக்க வந்த தம்பி

அந்தச் சேர்ல உக்காராத தம்பி, அதுக்கு ஒரு காலு ஆடும். இந்தாண்ட கட்டில்ல உக்காரு. ஆமா, சுவேதா ஆர்.சி. புக்க ஜெராக்ஸ் எடுக்கத்தான் போயிருக்கா. வந்துடுவா. நீ பதினோரு மணிக்கு வரேன்னு சொன்னியாமே, பத்தரைக்கே வந்து நிக்கற. வண்டி வாங்கற அவசரம், தெரியுது, தெரியுது.

நான் அவ ஆயா. அவங்கம்மா முனிலட்சுமியப் பெத்தவ. அவங்க அம்மா அப்பா ரெண்டு பேரும் சிங்காரப்பேட்டைல இருக்கறாங்க. இவ இந்த ஒசூர் கம்பெனில வேலைக்குச் சேந்தப்ப, சோறாக்கிப் போட ஒரு ஆளு வேணும்னு ஜவளகிரில கெடந்தவள இங்க கூட்டியாந்தா. ரெண்டு வருசமாச்சு. எனக்கு இங்க அவள உட்டா யாரு? பக்கத்தூட்டு சாந்தம்மா ஒருத்தி. அவளும் கன்னடத்துலதான் பேசுவா. எங்க ஊர்லயும் பாதிப் பேரு கன்னடம் பேசறவங்கதான், அதனால எனக்கு ஒன்னும் கஷ்டமில்ல. அவ மருமவளப் பத்தி பேச ஆரம்பிச்சான்னா பொழுதே சாஞ்சுடும். அந்த மருமவ ஒரு நாளு வாஷிங் மிஷின்ல... சரி, அத உடு. நீ வண்டி பாக்க வந்தவன்.

வெலையா? அதெல்லாம் அவகிட்டயே பேசிக்க சாமி. எனக்கு என்னா தெரியும்.

அந்தக் கீறலக் கேக்கறியா? டேங்குல இருக்கறதா? மறைக்கறதுக்கு ஒன்னுமில்ல, அது மொத மாசம் வுழுந்தது. பெருசா ஒன்னும் வுழல. நின்ன எடத்துல சாஞ்சா. நிக்கற வண்டில யாராச்சும் வுழுவாங்களா? இவ வுழுந்தா.

அவளுக்குக் கம்பெனில என்னா வேலைங்கற? வண்டிக்குக் கிளட்ச் கேபிள் மாட்டறது. லைன்ல நின்னுக்கினு இருப்பாளாம், வண்டி ஒன்னொன்னா வருமாம், இவ மாட்டிட்டு, ஒரு தடவ கையில புடிச்சு அமுக்கிப் பாத்துட்டு அந்தாண்ட அனுப்பணும். ஒரு ஷிப்டுக்கு முந்நூறு வண்டி. ராத்திரி சோறு உருட்டறப்பகூட அந்த நாலு வெரலு மடங்கி மடங்கி நிமிரும், அவளுக்கே தெரியாது. அத்தினி வண்டிக்கு மாட்டினவளுக்கு அந்தக் கிளட்ச்ச எப்படி உடறதுன்னு தெரியல பாத்துக்க! டக்குனு உட்டுடுவா, வண்டி ஒரு குதி குதிச்சு நின்னுடும். டெல்சின்னு அவளோட லைன்ல ஒரு பொண்ணு, அதுதான் கத்துக் குடுத்துது. நல்ல வாயாடி. ஏண்டி, நீ மாட்டி அனுப்பின வண்டியெல்லாம் ரோட்ல எப்படி ஓடுதோ, கர்த்தருக்குத்தான் வெளிச்சம்னு கத்தும்.

அந்தாண்ட வீட்டு மனை போட்டு, கல்லு நட்டு வெச்சிருக்காங்க பாரு, அங்கதான் ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம ஓட்டுவாங்க. நானும் சாந்தம்மாவும் போயி கல்லு மேல உக்காந்துக்குவோம். இவ வண்டியக் கௌப்பறப்பல்லாம் சாந்தம்மா, பீள்தாளே, பீள்தாளேன்னு வாயில அடிச்சுக்குவா. வுழுந்துடுவா, வுழுந்துடுவான்னு. எனக்கும் உள்ளுக்குள்ள அதேதான். ஆனா பாரு தம்பி, சொல்லக் கூச்சமாத்தான் இருக்குது... அவ வண்டி நின்னு போச்சுன்னா எனக்கு மனசு லேசாவும். அப்பாடா, இன்னும் ஒரு வாரம் ஓடும்னு.

எதுக்கா? அதான், அவ எங்க போறதுக்காகக் கத்துக்கினான்னு உனக்குத் தெரியாதில்ல. லடாக்கு. அந்தச் செவுத்துல பாரு, படம் ஒட்டி வெச்சிருக்கா. இது ஒசூரு. அந்தச் செவப்புக் கோடு போயிக்கினே இருக்குது பாரு, அந்த நுனிதான் லடாக்கு. போறதுக்கும் வரதுக்கும் நாப்பது நாளாம். பனிமலையாம், மூச்சு உடறதே கஷ்டமாம். அப்படி ஒரு எடத்துக்குப் போயி என்னாத்த பண்ணப் போறன்னு கேட்டேன். ஒன்னும் பண்ண மாட்டேன் ஆயா, போவேன், அவ்ளோதான்னா. எங்கூட்டுக்காரரு ராமப்பன் இருந்தாரே, முப்பது வருசமா மைசூரு தசரா காட்டறேன், காட்டறேன்னு சொன்னாரு. கர்நாடகா பார்டர் எங்களுக்குக் கூப்புடு தூரம். கடேசி வரைக்கும் காட்டல. நானும் கேக்கல. எங்க சனங்க போவ மாட்டாங்க தம்பி. கேழ்வரகு அறுக்கணும், மாடு இருக்குது, ஆனை வந்துடும், எதாச்சும் ஒன்னு இருக்கும். இவ எங்கிருந்து வந்தாளோ.

கம்பெனில ரெண்டு வருசம் முடிஞ்சதும் அனுப்பிட்டாங்க. எல்லாரையுந்தான், அது அவங்க வழக்கம். அடுத்த மாசக் கடேசில வேற கம்பெனில சேரணும். நடுவால இருக்கறது இந்த நாளுதான். அப்பறம் ஷிப்டு, அப்பறம் கல்யாணம், அப்பறம் எங்க? டெல்சியும் இன்னும் ரெண்டு பொண்ணுங்களும் வர திங்கக்கெழம விடியக்கால கெளம்பறாங்க. இவளையும் சேத்து நாலு பேரு போறதா இருந்துது. லைசென்சு வாங்கிட்டா. வண்டில மாட்டற பை வாங்கிட்டா. பனிக்குப் போடற கையொறை, இந்தா, இன்னும் அட்டைகூடப் பிரிக்கல.

அப்பறம் ஏன் விக்கறாங்கற. நியாயமான கேள்விதான். வண்டில கோளாறான்னு பயப்படாத, வண்டி தங்கமான வண்டி. அம்மா வேணாம்னு சொல்லிட்டா. முனிலட்சுமி இல்லப்பா, மாரியம்மா. எங்க ஊரு மாரியம்மா.

உங்க பக்கம் பூப் போட்டுக் கேக்கற பழக்கம் இருக்குதா? கிருஷ்ணகிரிலயும் உண்டா, அப்ப உனக்குச் சொல்லத் தேவையில்ல. நாங்க வெள்ளரளி ஒன்னு, செவ்வரளி ஒன்னு, தனித்தனியா வெத்தலையில மடிச்சு, வாழநாரு சுத்தி, ரெண்டு பொட்டலமா அம்மா காலடில வெப்போம். ஊட்டுல பெரியவங்கதான் மடிக்கணும். மத்தவங்க திரும்பி நின்னுக்குவாங்க. கேக்கறவங்க வந்து ஒரு பொட்டலத்த எடுப்பாங்க. வெள்ள வந்தா போ, செவப்பு வந்தா வேணாம். எடுக்காத பொட்டலத்தப் பிரிக்கவே கூடாது, அப்படியே தண்ணில உட்டுடணும். அம்மாவச் சோதிக்கற மாதிரி ஆயிடும் இல்ல? இவ வேலைக்குச் சேர்றப்பவும் கேட்டோம், வெள்ள வந்துது. முனிலட்சுமி கல்யாணத்துக்கு செவப்பு வந்துது, எங்கூட்டுக்காரரு கேக்காம முடிச்சுட்டாரு, அவ பட்ட பாடு... அத அப்பறம் சொல்றேன். சுவேதா இந்தக் காலத்துப் பொண்ணுதான், போனும் கையுமா இருப்பா, ஆனா இதுல மட்டும் ரொம்ப நம்பிக்க. நாந்தான் சொன்னேன், கேக்காம போவக் கூடாதுடின்னு. சரி ஆயா, கேப்போம்னு ஒரே வார்த்தைல ஒத்துக்கினா.

போன ஞாயித்துக்கெழம. ஒசூர் பூ மார்க்கெட்டுல ரெண்டு கலரு அரளியும் நானேதான் வாங்குனேன். ரெண்டு கலரும் வாங்குனேன் தம்பி, அத நெனப்புல வெச்சுக்க. ஜவளகிரிக்கு பஸ்ல போலாம்னேன். இல்ல, வண்டிலயே போலாம்னு என்னயப் பின்னாடி ஏத்திக்கினா.

அறுவத்தெட்டு வயசுல மொத தடவ வண்டில உக்கார்றேன். இடுப்ப இறுக்கிப் புடிச்சுக்கினேன். வழில தளி வரும், அது வரைக்கும் கண்ணத் தொறக்கல. அப்பறம் தொறந்தேன். அய்யோ, என்னாமா ஓட்டறா! லாரி வருது, ஒதுங்கறா. ஆடு குறுக்க வருது, நிக்கறா, மறுபடி கௌம்பறா, ஒரு குலுக்கல் இல்ல. காட்டோரம் அந்த வளைவெல்லாம் இருக்குதே, வண்டியும் அவளும் ஒன்னாச் சாஞ்சு ஒன்னா நிமிர்றாங்க. அன்னைக்கு மனையில குதிச்சுக் குதிச்சு நின்ன வண்டியா இதுன்னு இருந்துது. கொஞ்ச நேரத்துல பாட ஆரம்பிச்சுட்டா. எனக்குப் பாடல, தனக்கேதான். டீ சாப்புடலாமான்னு கேட்டேன், காதுல வுழல. ரெண்டு தடவ கேட்டேன். பின்னாடி ஒருத்தி உக்காந்திருக்கறதே மறந்துட்டா தம்பி. கண்ணாடில அவ மூஞ்சியப் பாத்தேன். அந்த மூஞ்சிய நான் இந்த ஊட்டுல ஒரு நாளும் பாத்ததில்ல.

தண்ணி குடி. இரு, ஊத்தறேன்.

கோயில்ல செவப்புதான் வந்துது. ஆமா. அவ அழுவக்கூட இல்ல. இன்னொரு பொட்டலத்த அவளே எடுத்துக்கினு போயி ஏரில உட்டுட்டு வந்தா. திரும்பி வரப்ப மெதுவா ஓட்டுனா. மக்யா நாளு, திங்கக்கெழமயே உன்ன மாதிரி ஆளுங்களுக்குப் போன்ல போட்டோ அனுப்ப ஆரம்பிச்சுட்டா. டெல்சி வந்து கத்துச்சு, பூவாவது ஒன்னாவதுடின்னு. இவ அசையல.

ஆனா ஒரு கேள்வி கேக்கறா தம்பி. ஒரு வாரமாக் கேக்கறா. கோயில்ல இவ மொதல்ல வலது பக்கம் இருந்த பொட்டலத்தத்தான் எடுத்தா. எடுத்தவ என்னா நெனச்சாளோ, வெச்சுட்டு இடது பக்கத்த எடுத்தா. அதான் இப்ப, ஆயா, நான் மொதல்ல எடுத்தத வெக்காம இருந்திருந்தா வெள்ள வந்திருக்கும் இல்லன்னு கேக்கறா. சோத்துல கைய வெச்சுக்கினு கேக்கறா. துணி காயப் போடறப்ப கேக்கறா. ஏங்கைதான் ஆயா, ஏங்கைதான் தப்புப் பண்ணிச்சுன்னு அந்தக் கையப் பாத்துக்கினே இருக்கறா. முந்நூறு வண்டிக்கு மாட்டின கை. நானு, உடு கண்ணு, அம்மாவுக்குத் தெரியும்னு சொல்லிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்குவேன்.

அவ போறதுல எனக்குப் பயம்னு சொல்றியா. நீயும் அதையேதான் நெனைக்கற, சாந்தம்மா மாதிரி. வுழுந்துடுவான்னு பயமா இருந்திருந்தா அன்னைக்குத் தளிக்கு முன்னாடியே எறங்கி பஸ்ஸேறியிருப்பேனே. வுழ மாட்டாப்பா. அவ போயிடுவா. பனிமலைக்கும் போவா, அதுக்கு அந்தாண்டயும் போவா, எங்க நின்னாலும் அந்த மூஞ்சியோட நிப்பா. நாப்பது நாளு கழிச்சு இந்த ஒத்த ரூமுக்கு, ஆடற சேரு, நான் பண்ற ராகிக் களி, இதுக்குத் திரும்பி வருவாளா? வந்தாலும் அந்த மூஞ்சி வருமா? நான் ஜவளகிரிக்குப் போயி யாருக்கு ஆக்கிப் போடுவேன்?

வெள்ளப் பூவ முந்தானைல முடிஞ்சுக்கினேன் தம்பி. அவ திரும்பி நின்னுக்கினு இருந்தா, பூசாரியும் மணி தொடைச்சுக்கினு இருந்தாரு. ரெண்டு பொட்டலத்துலயும் செவப்புதான் மடிச்சேன். அவ கை வலதுக்கும் இடதுக்கும் தடுமாறிக்கினு இருந்துது, நான் பக்கத்துலயே கையக் கூப்பிக்கினு நின்னேன்.

வண்டி நல்லா இல்லன்னு சொல்லிட்டுப் போயிடுன்னு உங்கிட்ட கேக்கலாம்னுதான் மொதல்ல கட்டில்ல உக்கார வெச்சேன். அது இன்னொரு பொய்யி. வேணாம். கேட்டு தொறக்கற சத்தம் கேக்குது, அவதான். சாவிய நீட்டுவா, வாங்கிடாத சாமி. நான் வாயத் தொறக்கற வரைக்கும் வாங்காத.