லாலாங் நட்டவர்

மலாயாவில், காட்டில் பதுங்கிய கம்யூனிஸ்டுகளைப் பட்டாளம் தேடிய அவசரகாலம். டுரியான் துங்காலிலிருந்து மலாக்கா போகும் பஸ்ஸை நிறுத்தி, எங்களைச் சோதனைக்காக வரிசையில் நிற்க வைத்திருந்தார்கள். எனக்கு முன்னால் தோட்டத்து ஆட்கள் இருவர் பேசிக்கொண்டிருந்தனர்.

“லாலாங் புல்ல நட்டேன்ணே.”

“அத அழிக்கத்தானேடா ஒனக்குச் சம்பளம்?”

“ரோட்டோரப் புல்லு பூரா பட்டாளம் வெட்டித் தள்ளிருச்சு. காடைக்குக் கூடு கட்ட எடமில்ல. ஆத்தோரமா கொஞ்சம் நட்டேன். புல்லும் வந்துச்சு, காடையும் வந்துச்சு. பின்னாலயே தோட்டத் தொரையும் வந்துட்டாரு.”

“தொரைக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“ரப்பர் கன்னு நட்ட கையில்ல? வரிசை புடிச்சு நட்டுட்டேன். தானா மொளைச்ச புல்லு அப்படியா நிக்கும்? ஆளு ஒளிய யாரோ நட்டதுன்னு, என்னைய விட்டே கொளுத்த வச்சாரு.”

“காடை பறந்திருக்கும்லா.”

“முட்டை மேல உக்காந்திருந்துச்சுண்ணே.”