விரிப்புக்குப் பின்னால் தெரிந்த சிவப்பு வட்டம்

"ஹலோ... ஹலோ... ஆமாங்க, மெட்ராஸ்தான் கேட்டேன்... யாரு, நயீமா? நான்தான்டா, ஜஹீதா. ஆம்பூர்லேர்ந்து... ஆமா, ஆமா, உன் அக்காவேதான். உன் மச்சான் ஜும்மாவுக்குப் போயிருக்காரு. தோல் ஷாப்பு ஆபீஸ்ல ஒருத்தரும் இல்ல, அதான் பேசறேன்."

வீட்டின் முன்கட்டிலேயே இருந்த அந்தத் தோல் பதனிடும் ஷாப்பின் ஆபீஸில், ஜஹீதா டெலிபோனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். நேற்று இருட்டியதும் ஊர் ஹாலின் நடுவே கட்டிய விரிப்பில் லாந்தர் விளக்கால் கண்ணாடிப் படம் போட்டு, குடிதண்ணீரைப் பற்றி லெக்சர் அடித்துவிட்டு, ராத்திரி ரயிலுக்கே திரும்பிப் போன தம்பி. ரசாயனம் படித்தவன். அவனைப் பிடிக்க இதை விட்டால் நேரம் ஏது?

"...லெக்சரா? நல்லாத்தான் இருந்துச்சி. முன்னால ஆம்பளைங்க கை தட்டுனாங்க, விரிப்புக்குப் பின்னால நாங்க தட்டுனோம். வளையல் சத்தம் கேட்டிருக்குமே... ஆனா ஒண்ணுடா, விரிப்பு தரை வரைக்கும் எட்டல. கீழ உன் காலு ரெண்டும் தெரிஞ்சுது... ஆமா, நடுங்குச்சி. 'இன்னா ஜஹீதா, உன் தம்பிக்கு ஜுரமா'ன்னு ஹலீமா பீ கேக்கறா... சரி சரி, கோச்சிக்காத."

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"இப்ப நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு. கடைசிப் படம். நடுவுல நம்ம தெரு, ரெண்டு பக்கமும் ரெண்டு கிணறு. தோல் ஷாப்புத் தண்ணி உள்ள எறங்கிடுச்சின்னு பேரு சொல்லாம ஒண்ணுக்கு மட்டும் செவப்பு வட்டம் போட்டியே. அது எது? பேரைச் சொல்லு... மாமரத்துக் கிணறு. நிச்சயமா?... ம். பள்ளிவாசல் கிணறு நல்லது. ம், ம்."

பக்கத்தில் இருந்த ஸ்டூலை இழுத்து உட்கார்ந்துகொண்டாள்.

"எதுக்கா? நேத்து நாங்க எங்கடா உக்காந்தோம்?... பின்னால. சரி. உங்களுக்குச் சோத்தாங்கை பக்கம் தெரிஞ்ச வட்டம் எங்களுக்கு எந்தப் பக்கம் தெரியும்?... யோசி, யோசி. அவ்ளோ படிச்சவன்தானே... லைன்ல இருக்கியா?"

ஜஹீதாவுக்குச் சிரிப்பு வந்தது.

"...எப்பத் தெரிஞ்சுதா? காலைல துவைக்கும்போதுதான். நீ வாங்கிட்டுப் போன விரிப்பு என்னுதுதானே. மூலையில சால்னா கறை. கொடியில போட்டேன். இந்தப் பக்கம் நின்னா கறை சோத்தாங்கை பக்கம், சுத்திப் போனா பீச்சாங்கை பக்கம். பக்குனு ஆயிடுச்சி... ஆமாடா. விடிஞ்சதுலேர்ந்து தெருப் பொம்பளைங்க அத்தனை பேரும் மாமரத்துக் கிணத்துலதான் குடம் முக்கறாங்க. பள்ளிவாசல் கிணத்துல ஈ காக்கா இல்ல... ஆம்பளைங்க சொல்லாம இருப்பாங்களா? வீட்டுக்கு வீடு சண்டை. 'எங்க கண்ணால பாத்தோம்'ன்றாங்க பொம்பளைங்க. நீதானே சொல்லிக்குடுத்த, யாரோ சொன்னாங்கன்னு நம்பாதீங்க, கண்ணால பாத்து நம்புங்கன்னு. நான் சொன்னாலும் அதேதான் பதில்."

"...நம்ம வீட்லயா?" சேலை முந்தியை விரலில் சுற்றினாள். "எம் பொண்ணு வஜீதா ரெண்டு சொம்பு குடிச்சிட்டாடா. நானே மொண்டு குடுத்தேன்... ஒண்ணும் இல்ல, வெளையாடிக்கினு இருக்கா. எனக்குத்தான் பயமா இருக்கு... மிச்சத்தை அப்பவே கொட்டிட்டேன்."

"...ஞாயித்துக்கிழமை வர்றியா? அதுவரைக்கும் எங்களுக்குத் தாகம் எடுக்காதா?... படத்தைத் திருப்பிப் போடுவியா? அப்புறம் ஆம்பளைங்க அத்தனை பேரும் மாமரத்துக் கிணத்துக்கு வந்துடுவாங்க. நல்லா இருக்குடா உன் சயின்ஸு."

"கேளு. பார்சல்ல அனுப்பச் சொல்லி உன் பெட்டியை இங்கதானே வெச்சிட்டுப் போன? அந்தக் கண்ணாடிப் படத்தை எடுத்து வெச்சிருக்கேன்... ஒடைக்க மாட்டேன்டா. ஜும்மா முடியறதுக்குள்ள எல்லாரையும் நம்ம முத்தத்துக்கு வரச்சொல்லிட்டேன். கண்ணாடியை வெளிச்சத்துல காட்டி, இப்பிடிப் பாருங்க, திருப்பிப் பாருங்கம்பேன். கொடியில இருக்கற விரிப்பையும் ஒரு சுத்து சுத்தி வரச்சொல்வேன். கறை எந்தப் பக்கம்னு அவங்களே சொல்லட்டும்... யாரு பேசறதா? நான்தான்... சிரி, நல்லா சிரி."

வாசலில் செருப்புச் சத்தம். ஹலீமா பீயின் குரல்தான் முதலில் கேட்டது. அதற்குப் பின்னால் இன்னும் பல குரல்கள், நிற்காமல் வந்துகொண்டே இருந்தன. ஜஹீதா எட்டிப் பார்த்தாள். அக்கம்பக்கம் பத்துப் பேர் வந்தால் போதும் என்று நினைத்திருந்தாள். முற்றம் கொள்ளவில்லை.

"...வந்துட்டாங்கடா... தெருவே வந்திருக்கு... இன்னாது, மூணு நிமிஷம் ஆயிடுச்சா? ஆபரேட்டர் சார், கொஞ்சம் இருங்க, கட் பண்ணாதீங்க... தம்பி, ஒண்ணே ஒண்ணு. நேத்து உன் காலு நடுங்குச்சில்ல? பாதியில நின்னுபோச்சி, நான் பாத்தேன். அது எப்டிடா நிறுத்துன?... ஹலோ... நயீமு... ஹலோ..."