கடைசி லிஃப்ட் எத்தனை மணிக்கு

— அன்னாபெர்க்ல என்ன குறை கண்டே, வெரெனா? லின்ஸ்லேர்ந்து பக்கம். கைக்குழந்தைய வெச்சுக்கிட்டுப் போக அதைவிடத் தோதான இடம் எது?

— குறைன்னு இல்லம்மா. மலை ரொம்பச் சின்னது. காலைல ஏறினா மத்தியானத்துக்குள்ள எல்லாப் பனிச் சரிவும் சறுக்கி முடிச்சுடலாம். அப்புறம் கெர்னோட் திரும்பி வந்துடுவார்.

— வரட்டுமே. உன் புருஷன்தானே. ஒரு தட்டு சூப் குடிச்சிட்டு மகளோட விளையாடட்டும்.

— அவருக்கு அப்படி உக்காந்திருக்கப் பிடிக்காது. கொஞ்சம் நகரு, லேப்டாப்ப உன் பக்கம் திருப்பறேன். இதப் பாரு, சால்பாக். பக்கத்து ஊர் மலையெல்லாம் சேர்த்து ஒரே டிக்கெட். வாரம் முழுக்கச் சுத்தினாலும் போன சரிவுக்கே திரும்பப் போக வேணாம்.

— யாரு சுத்தறது? நீயா?

— நான் எங்க சுத்தறது? ஃப்ளோராவுக்கு இன்னும் ஒரு வயசுகூட ஆகல.

— அப்போ இது யாரோட லீவு? அரை வருஷமா வகுப்புல கத்திக் கத்தித் தொண்டை போனது உனக்கு. சறுக்கப் போறது அவர்.

— ஆரம்பிக்காதேம்மா. நான் என்ன கேட்டேன்? இடத்தப் பாத்துச் சொல்லுன்னு கேட்டேன்.

— சரி, பாக்கறேன். சமையல் வேணாம், ஹோட்டலாப் பாரு. காலைல ஒரு வேளை, ராத்திரி ஒரு வேளை ஹோட்டல்காரனே சாப்பாடு போட்டுடுவான். நீயும் காலை நீட்டி உக்காரலாம்.

— ஹோட்டல்னா ஒரே ரூம். ராத்திரி குழந்தை அழுதா அவருக்குத் தூக்கம் கெடும். எனக்கு ரெண்டு ரூம் வேணும். நடுவுல நல்ல கதவா இருக்கணும்.

— கதவா?

— ஆமா, கதவு. அதுல என்ன?

— ஒண்ணுமில்ல. மேல சொல்லு.

— இங்க சில நாள் ராத்திரிகூட விளக்குப் போட்டு சறுக்க விடறாங்களாம். சாப்பிட்டுட்டுக்கூட ஒரு தடவை போய்ட்டு வரலாம். புதுச் சறுக்குப் பலகை வாங்கியிருக்கார், ஆசையா இருக்கார்.

— நல்லாத்தான் இருக்கு. மத்தவளுங்க ராத்திரியாவது புருஷன் பக்கத்துல இருக்க மாட்டானான்னு ஏங்குவாளுங்க. நீ விளக்குப் போட்டு மலைமேல ஏத்தி விடறே.

— உனக்கு எல்லாம் கிண்டல்தான். ஏம்மா, நீயும் எங்ககூட வாயேன்.

— எனக்கு அந்த வேலை போதும்டி. எத்தனை வருஷம் உங்க ஈர சாக்ஸ ஹீட்டர்மேல காயப் போட்டிருக்கேன். எத்தனை சட்டி உருளைக்கிழங்கு வேக வெச்சிருக்கேன். உங்கப்பா போனதுக்கு அப்புறம் பனிய ஜன்னல் வழியாப் பாக்கறதோட சரி. உன் தம்பிதான் கெட்டிக்காரன். பனியே விழாத ஊராப் பாத்து லிஸ்பன்ல போய் உக்காந்துட்டான்.

— லோரென்ஸ இதுல இழுக்காதே.

— இழுக்கல. பெத்தவ கூப்பிட்டாலும் குளிர்காலத்துல வர மாட்டேங்கறான், அதச் சொன்னேன்.

— அவன் வர மாட்டான். விடு. உன்னப் பத்திப் பேசு. சின்ன வயசுல உன்னப் பாத்தா எனக்கு எவ்வளவு கோபம் வரும் தெரியுமா? நாங்க எல்லாரும் பலகையத் தோள்ல போட்டுக்கிட்டு வாசல்ல நிப்போம். நீ ஏப்ரனோட கதவுகிட்ட நின்னு கையாட்டுவே. வான்னா வர மாட்டே. முதுகு வலின்னுவே, பயம்னுவே. இந்த மாதிரி மட்டும் ஆகக் கூடாதுன்னு அப்பவே நெனச்சேன். அடுப்படியே கதின்னு ஒரு வாழ்க்கையா?

— நெனச்சியா. சரி.

— கோவிச்சுக்காதே.

— எனக்கென்ன கோவம். நீ நெனச்சதத்தான் சொல்றே.

— ஒரு தடவை முட்டி கிழிஞ்சு ரத்தத்தோட நான் மட்டும் சீக்கிரம் இறங்கி வந்தேன், ஞாபகம் இருக்கா? நீ ரேடியோவச் சத்தமா வெச்சு, காலைத் தூக்கி நாற்காலிமேல போட்டுக்கிட்டு, கேக் தின்னுக்கிட்டிருந்தே. தனியாச் சிரிச்சுக்கிட்டிருந்தே. நான் உன்ன அப்படிப் பாத்ததே இல்ல. என்னைக் கண்டதும் எழுந்து ரேடியோவ நிறுத்திட்டு, அப்பா எங்கன்னு கேட்டே.

— முட்டிக்கு மருந்தும் போட்டேன்.

— போட்டே. ஆனா முதல்ல அப்பா எங்கன்னுதான் கேட்டே.

— எந்தக் காலத்துக் கதை. இப்ப சொல்லு, நான் வந்து என்ன பண்ணணும்? குழந்தையப் பாத்துக்கணுமா, சமைக்கணுமா?

— ரெண்டும் வேணாம். நான் பாத்துக்கறேன். நீ சும்மா இரு, போதும்.

— சும்மா இருக்கவா அவ்வளவு தூரம் கூப்பிடறே?

— நீ இருந்தா கெர்னோட் நல்லாப் பேசுவார். கிறிஸ்துமஸுக்கு இங்க வந்தப்போ பாத்தே இல்ல, சிரிப்பும் பேச்சுமா எப்படி இருந்தார்.

— பாத்தேன். என் கையப் பிடிச்சு டான்ஸ்கூட ஆடினார். வீட்டுக்குப் போனதும்?

— கார்ல ஒண்ணும் பேசல.

— வீட்டுக்குப் போனதும்னு கேட்டேன்.

— குழந்தைக்கு டயபர் மாத்துங்கன்னு உன் முன்னாடி சொல்லிட்டேனாம். உங்கம்மா முன்னாடி என்னை வேலைக்காரன் ஆக்கிட்டேன்னார். உனக்கு வாய் வளந்துடுச்சு, உங்கம்மா வளர்த்த லட்சணம்னார். எல்லா வீட்லயும் இருக்கற பேச்சுதாம்மா.

— சொன்னதோட விட்டாரா?

— நான் ஃப்ளோராவத் தூக்கிக்கிட்டு உள்ள போய்ட்டேன்.

— தாழ்ப்பாள் போட்டியா?

— குழந்தை பயந்துடுவான்னு போட்டேன். கொஞ்ச நேரம் தட்டினார். அப்புறம் களைச்சுப் போய்ப் படுத்துட்டார். ஏம்மா அப்படிப் பாக்கறே? அவர் என்மேல கை வெச்சதில்ல.

— நான் ஒண்ணும் சொல்லலியே.

— களைச்சு வந்தா ஒரு வம்பும் கிடையாது. சாப்பிடுவார், படுப்பார், காலைல நல்ல பிள்ளையா எழுந்திருப்பார். மலைக்குப் போனா அவர் நல்லவர்தான். அதனாலதான் நான் இவ்வளவு தேடறேன்.

— இந்த ஊர்ல மலைமேல ஏத்தி விடற கடைசி லிஃப்ட் எத்தனை மணிக்கு?

— நாலரைக்குன்னு நெனைக்கறேன். ஏன்?

— அப்புறம் சறுக்கி இறங்கி, வழியில ஒரு பீர் குடிச்சு, பஸ் பிடிச்சு வர்றதுக்குள்ள இருட்டிடும்.

— அப்பா மாதிரியே கணக்குப் போடறே. அவர்தானே வருஷா வருஷம் எந்த ஊருன்னு முடிவு பண்ணுவார்.

— உங்கப்பாவா? அவருக்கு எந்த மலையா இருந்தாலும் ஒண்ணுதான். ஊர் பாத்தது நான்.

— நீயா? உனக்குத்தான் சறுக்கவே தெரியாதே.

— அதுக்குத் தெரிய வேணாம். இலை உதிரும்போதே எழுதிப் போட்டு ஒவ்வொரு ஊர் விளம்பரப் புத்தகத்தையும் வரவழைப்பேன். எங்க மலை பெருசு, எங்க லிஃப்ட் லேட்டா நிக்குதுன்னு மட்டும் பாப்பேன். பாத்து வெச்சுட்டு, அவரே கண்டுபிடிச்ச மாதிரி அவர் கண்ணுல படற இடத்துல போட்டு வெப்பேன்.

— எதுக்கும்மா?

— கீழ கண்ணாடிக் கடை, மேல வீடு. காலைல எழுந்தா அவர், கடைக்கு இறங்கினா அவர், சாப்பிட ஏறினா அவர். நான் சில்லறை எடுக்கறதக்கூட நின்னு பாப்பார். அவர் இல்லாத பகல்னு வருஷத்துல எனக்கு அந்த ஒரு வாரம்தான் இருந்தது. நீ வாசல்ல நின்னு பரிதாபப்பட்டியே, கதவச் சாத்தினதும் எனக்கு அழுகை வராது. மூச்சு வரும்.

— ஏம்மா இதையெல்லாம் என்கிட்ட சொல்லவே இல்ல?

— சொல்லி? நீ எங்க போவே, நான் எங்க போவேன்? ஆனா இப்ப சொல்றேன். இந்த லேப்டாப்ப மூடு. அவர் தனியாப் போகட்டும். நீ ஃப்ளோராவத் தூக்கிக்கிட்டு இங்க வந்துடு.

— ஒரு வாரத்துல மலையிலேர்ந்து இறங்கி வந்துடுவாரே. அப்புறம்?

— வந்து தட்டினா நான் போய்ப் பேசிக்கறேன். நீ உள்ள இரு. நான் இருந்த மாதிரி நீ இருக்க வேணாம்டி.

— நீ அவர்கிட்ட என்ன பேசிடுவே? உன் புருஷன்கிட்டயே நீ பேசினதில்ல.

— பேசல. ஒத்துக்கறேன். நான் பண்ணினது எல்லாம் தப்பாவே இருக்கட்டும். ஒண்ணு மட்டும் சரியாப் பண்ணினேன். அந்த ஒரு வாரமாவது பிள்ளைங்க ரெண்டு பேரும் வீட்டுப் புழுக்கத்துலேர்ந்து தப்பிச்சு, காத்தாட இருந்துட்டு வந்தீங்க. சாயங்காலம் நீயும் லோரென்ஸும் கன்னம் செவக்க வாசல்ல வந்து நிப்பீங்க. அதப் பாத்துத்தான் என் மனசு ஆறும்.

— அவன் கன்னத்த நீ பாக்கவே இல்லம்மா. அப்பாகூட மலையிலேர்ந்து இறங்கி வர்றப்போ எப்பவும் இடது கன்னம் மட்டும்தான் செவந்திருக்கும். குளிர் ஒரு பக்கமாவா அடிக்கும்?