அந்தோனியம்மாள் கூடப் போகாத நாள்

தலைமை ஏற்றிருக்கும் மனநல ஆலோசனைப் பிரிவின் டாக்டர் வித்யா அவர்களே, முன்வரிசையில் பிள்ளைகளோடு அமர்ந்திருக்கும், அந்தோனியம்மாள் அம்மையாரின் கணவர் திரு. அருளானந்தம் அவர்களே, வேலை முடிந்த கையோடு நேரே இந்தக் கிளமெண்டி சமூக மன்றத்துக்கு வந்திருக்கும் பல்கலைக்கழகத் தோழர்களே! கனத்த மனத்தோடு வணங்குகிறேன். நான் முத்துசாமி, தேர்வுப் பிரிவின் தலைவர்.

மாணவர் நலப் பிரிவின் மூத்த அலுவலர், நம் அந்தோனியம்மாள் அம்மையார், மாரடைப்பால் மறைந்து பதினெட்டு நாள் ஆகிறது. அவரைப் புகழ்ந்து பேசத்தான் என்னை அழைத்தார்கள். புகழ்வேன். ஆனால் அதோடு உட்கார்ந்துவிட மாட்டேன்.

அவருடைய வேலை எப்படி என்று உங்களுக்குத் தெரியாதா? துன்பத்தோடு ஒரு மாணவர் வந்தால், முழுக்கக் கேட்பார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்துவிடுவார். விடுதி அலுவலகமா, கூடவே போவார். ஆலோசனைப் பிரிவா, கூடவே போவார். அங்கெல்லாம் மாணவர் வாய் திறக்க வேண்டியதில்லை. அவர் சம்மதத்தோடு அம்மையாரே எடுத்துச் சொல்வார். "ஒரே கஷ்டத்த எத்தனை கவுன்டர்ல சார் சொல்லும் அந்தப் பிள்ளை? ஒரு தடவை அழுதது போதும்லா" என்பார். என் அறைக்கதவைத் தட்டி, "ஏர்கான விட்டு ரெண்டு நிமிஷம் வெளிய வாங்க சார், ஒண்ணும் கரைஞ்சிட மாட்டீங்க" என்று கேலி செய்வார். எத்தனை பேரைப் படிப்பை விட்டுப் போகாமல் காத்தார்! ஒரு துறைக்கும் இன்னொரு துறைக்கும் நடுவில் ஒரு பிள்ளையையாவது தொலைய விட்டாரா?

நான்தான் விட்டேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு சுற்றறிக்கை அனுப்பினேன். ஒரு துறையின் ஊழியர் இன்னொரு துறையில் மாணவர் சார்பாகப் பேசக்கூடாது. மாணவரே நேரில் வந்து சொல்ல வேண்டும். தகவல் பாதுகாப்பு என்று காரணம் எழுதினேன். உண்மையில், என் கவுன்டருக்கு வந்து இன்னொரு துறைக்காரர் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. அம்மையார் அதற்குக் கட்டுப்பட்டார்.

போன ஆண்டு தேர்வு வாரத்தில் தாரணி என்ற மாணவியின் தந்தை இறந்துபோனார். தாரணி அம்மையாரிடம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். அம்மையார் வழக்கம்போல எழுந்தார். என் சுற்றறிக்கை நினைவுக்கு வர, மறுபடி உட்கார்ந்தார். தாரணி தனியாகவே போனார். விடுதியில் சொன்னார். ஆலோசனைப் பிரிவில் சொன்னார். மூன்றாவதாக என் கவுன்டருக்கு வந்தார். அன்று அங்கே இருந்தவன் நான். "சான்றிதழ் இருக்கா? முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றேன். அந்தப் பெண் என்னையே பார்த்தார். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தேர்வும் எழுதவில்லை, படிப்பையும் விட்டுவிட்டார்.

அம்மையார் புக்கிட் பாஞ்சாங்கில் தாரணியின் வீட்டுக்கு இரண்டு முறை போனார். தாரணி கதவைத் திறக்கவில்லை. ஒருநாள் கேன்டீனில் அம்மையார் என்னைக் கேட்டார்: "அந்தப் பிள்ளை உங்க கவுன்டருக்கு வந்துச்சா சார்?"

"வரலையே" என்றேன்.

ஆம், பொய் சொன்னேன்! "அப்போ பாதி வழியிலயே திரும்பிருச்சு. நான் கூடப் போயிருக்கணும் சார், தப்பு என்மேலதான்" என்றார். அதன் பிறகு ஓராண்டு முழுக்க அதையே சொல்லி வருந்தினார். நானும் கேட்டுக்கொண்டு தேநீர் குடித்தேன். ஒரு நிமிடம் போதுமே, உண்மையைச் சொல்ல! நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன்.

அருளானந்தம் அவர்களே, வீட்டிலும் அவர் அதையே சொல்லிக் கலங்கினார் என்று சற்றுமுன் சொன்னீர்கள். உங்கள் முன்னால், இந்தச் சபை முன்னால் சொல்கிறேன்: உங்கள் மனைவி தவறு செய்யவில்லை. அவரைத் தடுத்தவனும் நான், மறைத்தவனும் நான். என்னை மன்னியுங்கள் என்று கேட்க வேண்டியவரிடம் இனி கேட்க முடியாது.

தோழர்களே, அந்தச் சுற்றறிக்கையை இன்று காலை திரும்பப் பெற்றுவிட்டேன். மாணவர் சம்மதித்தால், குறையை முதலில் கேட்ட ஊழியரே கடைசிவரை கூடப் போவார் என்று சம்பந்தப்பட்ட எல்லாத் துறைகளும் கையெழுத்திட்டிருக்கிறோம். படிப்பை விட்டவர்கள் திரும்பச் சேர இன்னும் ஐந்து வாரம் அவகாசம் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் டாக்டர் வித்யாவும் நானும் புக்கிட் பாஞ்சாங் போகிறோம். தாரணி கதவைத் திறந்தால், அவர் எதையும் சொல்ல வேண்டியதில்லை. இந்த முறை முதலிலிருந்து சொல்ல வேண்டியவன் நான்.