மிஸிஸ் காஸ்வெல்லின் கொப்பி

எனக்கு டைப் அடிப்பது வேகமாக வரும். பள்ளிக்கூடத்தில் அதற்குச் சான்றிதழ்கூடத் தந்திருக்கிறார்கள். அந்த வேலை எனக்குக் கிடைத்தது அதனால்தான்.

மிஸிஸ் காஸ்வெல் இங்கிலாந்தில் பிறந்தவர். ஆக்லாந்தில் முப்பது வருடம் பேராசிரியராக இருந்தவர். ஒன்பது நாவல்கள் எழுதியவர். கண்பார்வை போன பிறகு மவுண்ட் வெல்லிங்டனில் தனியாக இருந்தார். அவரைக் குளிக்க வார்த்து உடுப்பு மாற்றிவிடுவது என் அம்மா இராசமலரின் வேலை. பத்தாவது நாவலை அவர் சொல்லச் சொல்ல எழுதுவது என் வேலை. ரெக்கார்டர் அவருக்குப் பிடிக்காது. நல்ல இடம் வரும்போது அது மூச்சைப் பிடித்துக்கொள்ளாது என்பார்.

முதலில் கொப்பியில் பேனாவால் எழுதுவேன். வாசித்துக் காட்டுவேன், திருத்துவார். பிறகு கணினியில் எங்கள் வீட்டில் வைத்து டைப் அடித்து லண்டன் பதிப்பகத்துக்கு அனுப்புவேன். டைப் அடித்ததை வாசிக்கச் சொல்லி அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

நான்காம் அத்தியாயத்தில் ஒரு பெண் வந்தாள். இலங்கைக்காரி. இடது காதில் நெருப்புத் தழும்பு. சண்டை நேரம், காய்ச்சலில் கிடந்த மகனைப் பங்கர் குழியில் விட்டுவிட்டுச் சனத்தோடு ஓடியவள். மகனின் பெயர் ஆரணன்.

என் அம்மாவின் இடது காதில் அந்தத் தழும்பு இருக்கிறது. எனக்கு ஒரு அண்ணா இருந்ததை அப்படித்தான் தெரிந்துகொண்டேன், என் கையாலேயே எழுதி. மிஸிஸ் காஸ்வெல் முற்றுப்புள்ளி என்றார். வைத்தேன்.

இங்கே தமிழர் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். கோயிலில் சாப்பாட்டு வரிசையில் அம்மாவின் காதைப் பார்த்து என்னவெல்லாம் கதைப்பார்கள்? அந்த வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் நிற்பது நான். அம்மாவைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தேன். டைப் அடிக்கும்போது ஆரணன் என்ற பெயரை எடுத்தேன். மறுநாள் தழும்பை எடுத்தேன். அடுத்த கிழமை அவளையே ஆற்றில் மூழ்கடித்தேன். மிஸிஸ் காஸ்வெல்லோ அவளைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லவே கூசுகிறது, ஏழாம் அத்தியாயத்தில் அவளுக்குப் பதிலாக ஒரு நாயை வைத்தேன்.

லண்டன் பதிப்பகத்திலிருந்து மிஸிஸ் காஸ்வெல்லின் தங்கை மகனுக்கு அழைப்புப் போனது. செத்தவள் மறுபடி நடக்கிறாள், ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை என்றார்களாம். தங்கை மகன் ஒரு டொக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார். மிஸிஸ் காஸ்வெல் சிரித்தார்.

"நான் அப்படிச் சொல்லவே இல்லை. நிஷாவைக் கேளுங்கள். ஒவ்வொரு வரியும் வாசித்துக் காட்டியவள் அவள்தான்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கொப்பி என் பைக்குள் இருந்தது. கொஞ்ச நாளாகவே அவருக்குச் சொன்னது மறந்துபோகிறது என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். அவருக்குக் கேட்டுவிட்டது.

"அப்படியா, நிஷா?"

ஆம் என்றேன்.

இப்போது அவர் புக்கெகோஹியில் ஒரு ரெஸ்ட் ஹோமில் இருக்கிறார். நாவல் வராது. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவும் நானும் போகிறோம், நான் ஏதாவது வாசித்துக் காட்டுகிறேன். நல்ல பிள்ளை என்கிறார்கள் அங்கே. எது சொன்னது, எது கனவு என்று தனக்கே தெரியவில்லை என்று போன கிழமை என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். கையை இழுக்காமல் இருந்தேன்.

வரும் வழியில், மோட்டர்வேயில், அம்மா ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"நீ எழுதேக்க ஆரணன் எண்டு ஒரு பேர் வந்ததோ பிள்ளை?"

"இல்லையம்மா."

"நான்தான் கேட்டனான், எழுதச் சொல்லி. அவன்ர படம் ஒண்டும் இல்லை. பேராவது ஒரு புத்தகத்தில கிடக்கட்டும் எண்டு. பாவம், மனுசிக்கு எல்லாம் மறந்துபோச்சு."

கொப்பி என் மெத்தைக்கு அடியில் இருக்கிறது. நாற்பத்தோராம் பக்கத்தில் அந்தப் பெயர் என் கையெழுத்தில் இருக்கிறது. அதைக் கிழிக்கவில்லை, எரிக்கவில்லை. காட்டவும் இல்லை. தெரிந்தால் அம்மா தாங்கமாட்டார். இப்போதும் நான் அம்மாவைத்தான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன்.