ஒரு வாய்கூடத் துப்பாத ஃபிர்மேன் லபாதி அவர்களுக்கு

வெள்ளித்திரையின் விருந்தாளியே! பாரீஸ் பணக்காரரையும் பட்டறைத் தொழிலாளரையும் பக்கம் பக்கமாக அமர்த்திச் சிரிக்க வைத்த சிரிப்பரசே! எழுபத்தோரு படங்களை முடித்து, எழுபத்து நான்காம் வயதில் ஓய்வு பெற்று, தம் கால்களாலேயே நடந்து இல்லம் திரும்பும் எங்கள் முசியே ஃபிர்மேன் லபாதி அவர்களே! வணங்கி மகிழ்கிறோம்.

பாதிரியாராக வந்தீர், பட்டணத்து மேயராக வந்தீர், பெட்டகம் உடைக்கும் கள்வனாகவும் வந்தீர். எந்த வேடத்தில் வந்தாலும் கடைசியில் சாப்பாட்டு மேசைக்கே வந்து சேர்ந்தீர்! ஒரு காட்சியைப் பத்து முறை எடுத்தால் பத்து முறையும் உண்டாக வேண்டும். மற்ற நடிகர்கள் ‘கட்’ என்றதும் மேசைக்கடியில் இருக்கும் வாளியில் துப்பிவிடுவார்கள். நாற்பத்து மூன்று ஆண்டுகளில் நீர் ஒரு வாய்கூடத் துப்பியதில்லை. படம் பார்ப்பவர் பசியோடு வெளியே போக வேண்டும் என்பீர். பொல்லாத பிடிவாதம் ஐயா உமக்கு! துலூஸ் நகரில் ஒரே பகலில், வாத்துக்கறியும் வெள்ளை மொச்சையும் சேர்ந்த சட்டிக்கறியைப் பதினேழு தட்டு காலி செய்தீரே!

ஆறு ஆண்டுகளுக்கு முன் உம் இதயம் தடுமாறியது. இனி வெண்ணெயும் கொழுப்பும்தான் எமன் என்றார் மருத்துவர். நீர் கேட்பீரா? படப்பிடிப்புச் சமையலைக் கவனிக்கும் சொலாஞ்ச் அம்மையாருக்குத்தான் உறக்கம் போயிற்று. தம் கைச்சோறே உம்மைக் கொண்டுபோய்விடுமோ என்று அஞ்சினார். உணவை மாற்றப்போவதாகச் சொன்னால், பொய்ச்சோறு உண்ணமாட்டேன் என்று தொழிலையே உதறிவிடுவீரோ என்றும் அஞ்சினார். உம்மிடம் மூச்சு விடாமல், வாத்துக்குப் பதில் காளானையும் டர்னிப் கிழங்கையும் வெண்ணெயின்றி வதக்கி, அதே நிறத்தில் சட்டியில் ஏற்றினார். அப்படியே ஆறு படங்கள்! ஒவ்வொரு கவளத்துக்கும் கேமராவுக்குப் பின்னால் நின்று உம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சென்ற வெள்ளியன்று, இறுதிக் காட்சி முடிந்ததும், மனம் பொறுக்காமல் உம்மிடம் வந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். இடி இறங்கப்போகிறது என்று நாங்கள் ஒதுங்கி நின்றோம். நீர் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னீர்:

“முதல் வாயிலேயே தெரிஞ்சுபோச்சு சொலாஞ்ச். நீ பயந்து நின்னதையும் பார்த்தேன். அது வாத்துதான்னு ரசிச்சு ரசிச்சுத் தின்னேன் பாரு, வாழ்க்கையில நான் நடிச்சதே அது ஒண்ணுதான்.”

அம்மையார் கேமராப் பெட்டிமேல் அப்படியே உட்கார்ந்து, ஆறு ஆண்டுப் பாரத்தையும் அழுது இறக்கிவைத்தார். எங்களுக்கும் அப்பாடா என்றிருந்தது.

பெருந்தகையே! நலமும் நகையும் நாளும் பெருக, நூறாண்டு கடந்தும் வாழ்வீர்! உம்மை உயிரோடு வீட்டுக்கு அனுப்பிவைக்கிறோம். இதைவிட நிம்மதி எங்களுக்கு வேறில்லை.

என்றும் உம் அன்பில்,
சமையற்கட்டு முதல் ஒளிப்பதிவு வரை அனைவரும்,
மார்ன் ஆற்றங்கரைப் படப்பிடிப்புத் தளம்